சிவில் இன்ஜினியரிங் படிப்பு, ஆராய்ச்சி, வேலை: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கங்களிலிருந்து மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கலந்தாய்வு முடியும் வரை எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். சேர்ந்த பிறகு அரியரும் ப்ராஜெக்டும் வரும். படித்து முடித்ததும் வேலையும் மேற்படிப்பும் வரும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இந்த மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து, சிவில் பட்டம் பெற்று, ஓசூரில் 3 ஆண்டுகள் சைட்டில் வேலை பார்த்த பிறகு மேற்படிப்புக்குச் சென்றவன். பதில்கள் அந்த அனுபவத்திலிருந்து வருகின்றன.

சிவில் என்றால் வீடு கட்டுவதுதானே சார்? மேஸ்திரியே கட்டிவிடுகிறாரே, அதற்கு எதற்கு நாலு வருடப் படிப்பு?

மேஸ்திரியின் கைத்திறனை மதிக்காதவர் நல்ல இன்ஜினியராக வர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவருடைய அனுபவம் அவர் இதுவரை கட்டிய அளவுகளுக்குள்தான் துணை நிற்கும். 12 அடி அகல அறையின் தளத்தை 20 அடி அகல மண்டபமாக மாற்றினால், அகலம் ஏறக்குறைய 1.7 மடங்குதான் கூடுகிறது. தளத்தை வளைக்கும் பெண்டிங் மொமென்ட்டோ, அதே எடைக்கு, ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிவிடுகிறது. அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அது கூடும் என்பதே காரணம். பழைய வீட்டுக்குப் போட்ட கம்பியையே இங்கும் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தப் படிப்பு.

வீடு இந்தத் துறையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. 1957இல் காமராசர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணை, தொப்பூர் கணவாயில் இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44, காவிரி நீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதைத் திட்டம், ஓசூர் சிப்காட்டின் தொழிற்சாலைக் கூடங்கள், உங்கள் ஊர் ஏரியின் மதகு ஆகிய அனைத்தும் சிவில்தான். இந்த இரண்டு மாவட்டங்களில் வளரும் மாணவருக்குப் பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

பையனுக்குக் கட்ஆஃப் குறைவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. சும்மா இருப்பதற்குச் சிவிலில் போட்டுவிடலாமா?

அப்படிச் சேர்ந்து நன்றாக வந்தவர்களும் உண்டு, நான்காண்டும் முகம் சுளித்தபடியே படித்தவர்களும் உண்டு. பிள்ளையை ஒரு நாள் கிருஷ்ணகிரி அணைக்கோ, வேலை நடக்கும் ஒரு மேம்பாலத்தின் ஓரத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். "இவ்வளவு தண்ணீரை இந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது?" என்ற மாதிரியான ஒரு கேள்வியாவது அவனிடமிருந்து தானாக வந்தால் தயங்காமல் சேர்க்கலாம். கைப்பேசியை விட்டுத் தலை நிமிரவே இல்லை என்றால், கிடைக்கிற வேறு பிரிவுகளையும் பொறுமையாகப் பாருங்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மென்பொருள் துறையில் இருப்பதுபோல முதல் ஆண்டிலேயே கை நிறையச் சம்பளம் இதில் பெரும்பாலும் கிடைக்காது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

தர்மபுரியிலேயே படித்தால் போதுமா, சேலம், சென்னை போக வேண்டுமா?

செட்டிக்கரையில் உள்ள தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரி 2013இல் தொடங்கப்பட்டது. சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794இல் ஏற்பட்ட நில அளவைப் பள்ளி. பழைய கல்லூரிகளில் முன்னாள் மாணவர்களின் தொடர்பும் ஆராய்ச்சி வசதியும் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை. மதிப்பெண் இடம் கொடுத்தால் அங்கே செல்லலாம். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அரசுக் கல்லூரி கிடைத்தால் அதைக் குறைவாக எண்ணவும் வேண்டாம்.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தின் முகப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள். கான்கிரீட் ஆய்வகத்தில் கியூபை (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டியை) அழுத்தி உடைக்கும் இயந்திரத்தை மாணவர்கள் தொட்டு இயக்குகிறார்களா? நிலத்தை அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி வெளியே வருகிறதா, அலமாரியிலேயே இருக்கிறதா? சர்வே கேம்ப் உண்மையாகவே களத்தில் நடக்கிறதா, பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறார்களா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலே கல்லூரியின் தரத்தைச் சொல்லிவிடும்.

அப்பா கூலி வேலை செய்கிறார். கட்டணம் கட்ட முடியுமா என்று பயமாக இருக்கிறது.

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான கட்டணச் சலுகை தனியாக உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது.

முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பெண் இருந்தும் சான்று கைக்கு வராமல் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலக வாசலில் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தேன். நேராக வேலைக்குப் போகவா, பி.இ. சேரவா?

டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வீட்டு நிலைமை அனுமதித்தால் அதைச் செய்யுங்கள். வரைபடமும் சர்வேயும் உங்களுக்குக் கைவந்திருக்கும். கணிதத்தில் மட்டும் முதல் ஆறு மாதம் கூடுதலாக உழைக்க வேண்டும். வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், அரசுத் துறைகளில் டிப்ளமோவுக்கென்றே இளநிலை வரைதொழில் அலுவலர் போன்ற பதவிகள் இருப்பதை மறக்க வேண்டாம்.

தம்பி, பொண்ணு சிவில்தான் வேணும்னு அடம் பிடிக்கிறா. சைட்டுல அத்தனை ஆம்பளைங்க மத்தியில எப்படி அனுப்புறது?

கவலை நியாயமானது, அதைக் காரணம் காட்டி அவளைத் தடுப்பதுதான் நியாயமாகாது. கிண்டியில் சிவில் படித்த பி.கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். 2025 ஜூனில் திறக்கப்பட்ட, ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் ரயில் பாலத்துக்கு, மலைச்சரிவின் உறுதி குறித்துப் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ஜி. மாதவி லதா. வெளியே தெரிந்த பெயர்கள் இவை. உள்ளூரிலேயே உதவிப் பொறியாளராக ஏரிக்கரையில் நின்று வேலை வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள், உங்கள் வட்டார அலுவலகத்துக்குப் போனாலே பார்க்கலாம்.

சைட்டில் உண்மையான சிக்கல் ஆண்கள் இருப்பது மட்டுமல்ல, கழிப்பறை இல்லாததும் இரவு கான்கிரீட் முடிந்த பிறகு வீடு திரும்ப வண்டி இல்லாததும்தான். வேலைக்குச் சேரும்போதே இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். டிசைன், எஸ்டிமேட், தர ஆய்வு, கற்பித்தல், ஆராய்ச்சி என்று சைட்டுக்கு வெளியேயும் வேலைகள் உண்டு. ஆனால் முதல் ஓராண்டு சைட் அனுபவம் பெண்ணுக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. கம்பி கட்டுவதைப் பார்க்காமல் கம்பியை வரைபவருடைய வரைபடத்தில், பீமும் தூணும் சேரும் இடத்தில் கை நுழைய இடமில்லாத சந்திப்புகள் வந்துவிடும்.

மெக்கானிக்ஸில் அரியர் விழுந்துவிட்டது. எனக்கு இந்தப் படிப்பு வராதோ?

ஓர் அரியரை வைத்து அந்த முடிவுக்கு வர வேண்டாம். நான் பார்த்த வரையில் மெக்கானிக்ஸில் தோற்பவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்கு வராமல் இல்லை, படம் போடாமல் சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ஒரு பொருளைத் தனியே பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகள் அனைத்தையும் அம்புக்குறியாக வரைந்த பிறகே பேனாவால் சமன்பாடு எழுத வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பழப் பருவத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் சுமை ஏற்றிய லாரி ஒரு சிறு பாலத்தைக் கடப்பதைக் கவனியுங்கள். முன்சக்கரம் ஏறும்போது, பின்சக்கரம் நடுவுக்கு வரும்போது, முழு வண்டியும் மேலே நிற்கும்போது என்று மூன்று படங்கள் வரைந்து, எந்த நிலையில் பாலம் அதிகமாக வளையும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இந்த ஒரு கணக்கை முழுமையாகப் புரிந்துகொண்டவருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளின் ஸ்ட்ரக்சுரல் பாடங்கள் அந்நியமாகத் தோன்றாது.

நான் தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலப் புத்தகம் புரியவில்லை. என்ன செய்வது?

முதல் இரண்டு செமஸ்டர்களில் இது எல்லோருக்கும் நேர்வதுதான். ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நூறு, நூற்றைம்பதுக்கு மேல் போகாது. அவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் உங்கள் சொந்தச் சொற்களில் விளக்கம் எழுதுங்கள். சைட்டில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்தவை: ஜல்லி, சென்ட்ரிங், ரசமட்டம், தூக்குக்குண்டு.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இருந்தாலும் இந்தியத் தரநிலைகளும் டெண்டர் ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால், எந்த வழியில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும்.

ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் ப்ரோ எல்லாம் சேர்த்து ஒரு கோர்ஸ் சொல்கிறார்கள். கடன் வாங்கிச் சேரலாமா?

கடன் வாங்க வேண்டாம். வரைபடம் போடும் மென்பொருள்களான ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தயாரிக்கும் நிறுவனமே மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கல்வி உரிமம் தருகிறது. நிலவரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் எல்லோருக்கும் இலவசம். ஆட்டோகேட்டையும் எக்செலையும் இரண்டாம் ஆண்டுக்குள் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டமைப்பின் வலிமையைக் கணக்கிடும் ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் போன்றவை, ஒரு சாதாரண பீமைக் கையால் டிசைன் செய்யத் தெரிந்த பிறகு போதும். மென்பொருள் தரும் விடை சரியா என்று தோராயமாகவாவது சொல்லத் தெரியாதவரிடம் மென்பொருளைக் கொடுப்பது ஆபத்து.

இன்டர்ன்ஷிப் போனால் சைட்டில் ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். என்ன கற்றுக்கொள்வது?

உட்கார வைத்தாலும் கண்ணுக்கு யாரும் தடை போடவில்லை. கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலையின் முக்கியப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நடப்பதோடு ஒப்பிடுங்கள். வழக்கமான சூழலில் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் வேண்டும். அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, அதற்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் செருகியிருக்கிறார்களா? ரெடிமிக்ஸ் வண்டி வந்ததும் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பார்க்கிறார்களா? கலவை கெட்டியாக இருக்கிறது என்று யாராவது ஹோஸைத் தூக்கித் தண்ணீர் விடுகிறார்களா? 150 மில்லிமீட்டர் கியூப்கள் உண்மையாகவே அந்தக் கான்கிரீட்டிலிருந்துதான் எடுக்கப்படுகின்றனவா? சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றாலோ வெயில் கொளுத்தும் காலம் என்றாலோ குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்கிறது தரநிலை. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் இது எத்தனை சைட்டில் நடக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது அளவு. பார் பெண்டிங் ஷெட்யூலை (கம்பிகளின் அளவுப் பட்டியலை) வாங்கி, ஒரே ஒரு பீமின் கம்பிகளை நீங்களே டேப்பால் அளந்து சரிபாருங்கள். எம்-புக்கில் (அளவுப் பதிவுப் புத்தகத்தில்) அளவு எழுதும் விதத்தைப் பாருங்கள். கம்பி கட்டுபவரிடம் "அண்ணே, இந்த ரிங்கின் கொக்கியை ஏன் உள்பக்கமாக இவ்வளவு மடக்குகிறீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள், அவர் சொல்லும் காரணத்தை இரவில் புத்தகத்தில் தேடுங்கள். தினமும் ஒரு பக்கம் எழுதினால், 30 நாளில் உங்களிடம் இருக்கும் நோட்டு எந்தச் சான்றிதழையும்விட நேர்காணலில் உங்களுக்காகப் பேசும்.

அண்ணா, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள்.

சிமென்ட்டில் கொஞ்சம் எடுத்துவிட்டு வேறு எதையாவது தூளாக்கிப் போட்டு, 7 நாள், 28 நாள் கியூப் உடைக்கும் ப்ராஜெக்டை ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். அதையே செய்வதானாலும் யாரும் கேட்காத ஒரு கேள்வியை வையுங்கள். கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் சேறாக வெளிவரும் துகள் மிக நுண்ணியது. அதனால் கலவைக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். தண்ணீர் கூடினால் வலிமை குறையும். இந்த இழுபறியை எந்த அளவில், எந்த வகைக் கலவையில் சமாளிக்கலாம் என்பது இந்த மாவட்டங்களுக்கே உரிய கேள்வி.

ஃப்ளூரைடு இன்னொன்று. நம் நிலத்தடிப் பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைகிறது. பற்களில் மஞ்சள், பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருந்திருக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. இதற்காகவே வந்த ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது கேட்க வேண்டியது, குழாயில் காவிரி நீர் வரும் ஊரில் சமையலுக்கு எந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்பது. உங்கள் ஊரில் 20 கிணறுகளில் கோடையிலும் மழைக்குப் பிறகும் மாதிரி எடுத்து, வீட்டு வீடாகக் கேட்டு, கியூஜிஐஎஸ் வரைபடத்தில் வைத்தால் அது உருப்படியான வேலை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளூரைடை அகற்றும் நல்கொண்டா முறையில் மிஞ்சும் கழிவை என்ன செய்வது என்பதும் ஒரு நல்ல தலைப்பு.

மூன்றாவது நீர்நிலைகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் 50 சென்டிமீட்டர் மழை 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போயிருக்க வேண்டும், கலங்கல் எவ்வளவு வெளியேற்றும், வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டது என்று ஒரே ஓர் ஏரித் தொடரை மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலோடு நடந்து அளந்து பாருங்கள். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் வேகத்தை ஆராயவும் சிலர் கேட்பதுண்டு. நல்ல தலைப்புதான், ஆனால் கல்லூரி மூலம் காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை அனுமதி பெறாமல் அந்தச் சாலையோரத்தில் நிற்காதீர்கள்.

ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கலாம், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் பேப்பர் வெளியிடுகிறார்கள் என்கிறார்களே?

இரண்டையும் செய்யாதீர்கள். வாங்கிய ப்ராஜெக்டில் நேர்காணலின் இரண்டாவது கேள்விக்கே பதில் இருக்காது. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வு இல்லாமல் வெளியிடும் இதழ்களில் பெயர் வந்தால், பிற்பாடு ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும்போது அது உங்கள்மேல் ஐயத்தையே உண்டாக்கும். மேலே சொன்ன கிணற்று ஆய்வு 20 பக்க அறிக்கையாக மட்டும் நின்றாலும், அதை ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் கொடுங்கள். அதற்கு ஒரு பயன் உண்டு.

சைட் இன்ஜினியருக்கு 15 ஆயிரம்தான் சம்பளம் என்கிறார்கள். நாலு வருடம் படித்து அதற்கா போவது?

இந்தக் கேள்வியில் இருக்கும் வருத்தத்தை நான் மறுக்க மாட்டேன். சிறு ஒப்பந்ததாரர்களிடம் தொடக்கச் சம்பளம் அப்படித்தான் இருக்கிறது, வேலை நேரமோ சூரிய உதயத்தில் தொடங்கிக் கான்கிரீட் முடியும்வரை நீள்கிறது. இது மாற வேண்டிய நிலை. அதற்குள் இருந்தே மேலே வர, முதல் இரண்டு ஆண்டுகளில் சம்பளத்தைவிட என்ன வேலை கற்றுத் தருகிறார்கள் என்பதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பில்லிங்கும் அளவுப் பதிவும் தெரிந்தவருக்கும், தரக் கட்டுப்பாடு தெரிந்தவருக்கும், டிசைன் தெரிந்தவருக்கும் மூன்றாம் ஆண்டில் வேறு வாசல்கள் திறக்கின்றன. வெறும் ஆள் கணக்கு எழுதியே மூன்று ஆண்டு கழித்தவருக்கு அப்படித் திறப்பதில்லை.

ஓசூர் நமக்கு ஒரு வாய்ப்பு. தொழிற்சாலைக் கூடங்கள், குடியிருப்புகள், பெங்களூரின் டிசைன் அலுவலகங்கள் எல்லாம் 40 கிலோமீட்டர் சுற்றுக்குள் இருக்கின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புபவர்கள் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் சேர்த்த பிறகு போங்கள். பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் யாரிடமும் பணமோ பாஸ்போர்ட்டோ கொடுக்க வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சி எழுதி ஏ.இ. ஆகிவிட வேண்டும். எப்போது தொடங்குவது?

மூன்றாம் ஆண்டில் தொடங்குங்கள். நீர்வளத் துறை, பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை ஆகியவற்றில் உதவிப் பொறியாளர் பணியிடங்களுக்கு ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு நடக்கிறது. அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்குகிறது. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள் திருத்தப்படாது. ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இதை அலட்சியம் செய்து ஓராண்டை இழந்திருக்கிறார்கள்.

ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாத தேர்வுக்காக, வேலைக்கே போகாமல் 27, 28 வயது வரை வாடகை அறையில் காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். ரயில்வே, எஸ்எஸ்சி இளநிலைப் பொறியாளர் தேர்வுகளுக்கும் பாடப்பகுதி பெரும்பாலும் ஒன்றுதான்; ஒரே உழைப்பில் மூன்று தேர்வுகளை எழுதலாம்.

கேட் தேர்வு ஐஐடி போகிறவர்களுக்குத்தானே? எனக்கு எதற்கு?

கேட் என்பது பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய அளவிலான தேர்வு: 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம். ஐஐடி, என்ஐடி எம்.டெக். மட்டுமல்லாமல், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போன்ற பொதுத்துறை அமைப்புகளும் ஆள் எடுக்க இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தியிருக்கின்றன. கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும் என்பதால், வீட்டிலிருந்து பணம் வாங்காமலே படித்து முடித்தவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் எம்.இ. சேர சீட்டா என்ற மாநிலத் தேர்வும் இருக்கிறது. ஆனால் உதவித்தொகைக்குக் கேட் வேண்டும்.

ஆராய்ச்சி என்றால் தினமும் என்ன வேலை செய்வார்கள்? பிஎச்.டி. முடிப்பதற்குள் வயசு போய்விடாதா?

2017 நவம்பரில், திறந்து 60 ஆண்டுகள் ஆன கிருஷ்ணகிரி அணையில் ஷட்டர்களில் ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியது. துருப்பிடிக்கும் இரும்பு இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை உடையும் முன்பே எப்படி அறிவது? இது ஓர் ஆராய்ச்சிக் கேள்வி. அதற்கான வேலை, முன்பு பிறர் செய்ததைப் படிப்பது, அளவெடுப்பது, மாதிரி செய்து சோதிப்பது, தவறான முடிவு வந்தால் திரும்பத் தொடங்குவது, எழுதுவது என்று நீளும். பல மாதங்கள் எந்த முடிவும் வராது. ப்ராஜெக்ட் கேள்வியில் சொன்ன கிணற்று ஆய்வைச் செய்து அதில் உங்களுக்கு ஆர்வம் தொடர்ந்திருந்தால், ஆராய்ச்சி உங்களுக்கு ஒத்துவரும்.

தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், ஐஐடி சென்னை, என்ஐடி திருச்சி, அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் ஆகியவை நம் மாணவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள். மாதிரி அணைகளில் தண்ணீர் ஓடவிட்டு ஆராயும் பூண்டி நீரியல் நிலையத்துக்கு ஒருமுறையாவது கல்லூரிச் சுற்றுலா போகும்படி உங்கள் துறைத் தலைவரிடம் கேளுங்கள். 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வயதைவிட வழிகாட்டியைப் பற்றிக் கவலைப்படுங்கள்: சேரும் முன், அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் இரண்டு மாணவர்களோடு, அவர் பக்கத்தில் இல்லாதபோது பேசிவிடுங்கள்.

படித்து முடித்ததும் சொந்தமாகப் பிளான் போட்டுக் கொடுக்கலாமா?

உள்ளாட்சி அமைப்பிடம் பதிவு பெற்ற பிறகே கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் கையெழுத்திட முடியும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. இது வேலையைச் சுலபமாக்கியிருக்கிறது. அளவும் மண்ணின் தன்மையும் சரியா என்று பார்க்கும் பொறுப்பு உங்கள் பக்கம் இன்னும் கூடியிருக்கிறது. 500 ரூபாய்க்குக் கையெழுத்தை மட்டும் விற்கும் பழக்கத்துக்குப் போக வேண்டாம். சுவர் பிளந்தால் தேடி வருவது அந்தக் கையெழுத்தைத்தான். மூன்று ஆண்டு சைட் அனுபவத்துக்குப் பிறகு தொடங்குங்கள்.

சைட்டில் தவறு நடக்கிறது, நான் ஜூனியர். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். என்ன செய்வது அண்ணா?

இது எனக்கே நடந்தது. ஓசூரில் நான் வேலை பார்த்த ஒரு சைட்டில், 6 மீட்டருக்கு மேல் நீளமான பீம்களுக்கு அடியில் நிற்கும் முட்டுகளை 9ஆம் நாளே கழற்றச் சொன்னார் ஒப்பந்ததாரர். பக்கத்துப் பிளாக்குக்குச் சென்ட்ரிங் சாமான் வேண்டியிருந்தது. தரநிலைப்படி அந்த நீளத்துக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும். நான் வாயால் சொன்னேன். "நேற்று வந்த பையன்" என்று தள்ளிவிட்டார். மறுநாள் காலை இரண்டு பீம்களின் அடியில், நடுப்பகுதியில், முடி மாதிரி விரிசல்கள் தெரிந்தன. அவசரமாகத் திரும்ப முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து டிசைனரை அழைத்து வலுப்படுத்த வேண்டியதாயிற்று. நான் எதிர்ப்புச் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லாததால், விசாரணையில் என் பெயரும் சேர்ந்தே வந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது மட்டுமே எனக்கு இன்றுவரை ஆறுதல்.

அதன்பின் நான் கடைப்பிடித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் மேஸ்திரியிடமும் ஃபோர்மேனிடமும் மரியாதையோடு, தரநிலையின் பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே சரியாகிவிடும், ஏனென்றால் பலரும் அவசரத்தில்தான் செய்கிறார்கள். சரியாகாவிட்டால் சைட் ரிஜிஸ்டரில் எழுதி, அதே நாளில் உங்கள் மேலாளருக்கும் ஆலோசகப் பொறியாளருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆட்களின் உயிருக்கு ஆபத்து என்றால் எழுதிக்கொண்டிருக்காமல், அந்த இடத்தின் கீழே நிற்பவர்களை உடனே வெளியே அழையுங்கள். உண்மையை எழுதியதற்காக உங்களை அனுப்பும் சைட்டில் அடுத்த தவறுக்கு உங்கள் பெயரையே எழுதுவார்கள். அங்கிருந்து விலகுவது நட்டமல்ல.

எழுதும்போது குற்றச்சாட்டுச் சொற்கள் வேண்டாம். தேதி, நேரம், எந்தத் தளம், எந்த கிரிட்டில் எந்த பீம், கான்கிரீட் போட்ட நாள், வரைபடத்தில் உள்ள அளவு, நீங்கள் அளந்த அளவு ஆகியவை போதும். புகைப்படம் எடுத்தால் டேப்பின் எண்கள் தெளிவாகத் தெரியும்படி எடுத்து, நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.